கச்சான் வழக்கும் கலியாண மண்டபமும்

எமது நண்பர் ஒருவர் இளைப்பாறிய ஆசிரியர். அவருடைய மூத்த மகளின் திருமணம் 2020ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடைபெறுவதாக இருந்தது. தை பிறந்ததும் மண்டபத்துக்கு 75,000 ரூபா முற்பணம் கட்டினார். அழைப்பிதழ்கள் அச்சாகின. யாழ்ப்பாணத்து உறவினர் பயணத்துக்கு ஆயத்தமாயிருந்தனர். மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலையில் நாடெங்கும் வந்த ஊரடங்குச் சட்டம் கொழும்பிலே மே மாதக் கடைசி வரை நீடித்தது. மண்டபமும் திறக்கவில்லை, மண்டபத்துக்குச் செல்ல வீதியும் திறக்கவில்லை. ஆனி மாதத்திலே, உற்றார் சிலர் சூழ, வீட்டு விறாந்தையில் தாலி ஏறியது.

நண்பர் முற்பணத்தைக் கேட்கச் சென்றார். மண்டபத்தார் அவர் கையொப்பமிட்ட தாளையே எடுத்துக் காட்டினர். அதன் அடியில், 'முற்பணம் எக்காரணங் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ஒரு வரி காணப்பட்டது. மண்டபத்தாரை முற்றாக நோவதற்குமில்லை. வேலையாட்களின் சம்பளமும் வங்கிக் கடனும் ஊரடங்கைக் கண்டு நின்றுவிட்டனவா? நட்டம் இரு பாலார்க்கும் உரியதாயிற்று. அதனை எவ்வாறு பங்கிடுவது என்பதற்கு அந்தத் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அவ்வரியும் ஒரு பக்கத்தார் எழுதியது.

"இப்படியொரு காலம் வருமென்று யார் கண்டது?" என்றார் நண்பர்.

ஒருவரும் காணாததைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது எங்ஙனம் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். வணிக உலகிலே இதற்கென ஒரு வாசகம் உண்டு. 'போர்ஸ் மஜோர்' என்னும் பிரெஞ்சுப் பெயரால் அதனை அழைப்பர். 1804ஆம் ஆண்டிலே நெப்போலியன் வெளியிட்ட பிரெஞ்சுக் குடியியற் சட்டக் கோவையில் இத்தொடர் இடம் பெற்றது. நமது வலுவுக்கு மேற்பட்ட வலு என்பது அதன் பொருள். 'மேல்வலு வாசகம்' என நாம் தமிழில் வழங்கினாற் பிழையில்லை.

அப்படியொரு வாசகம் இல்லாதவிடத்து என்ன நிகழும்? 1647ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஒரு குத்தகை வழக்கு நடந்தது. உள்நாட்டுப் போரின்போது ரூப்பேர்ட் இளவரசரின் படை வந்து குத்தகைக்காரரை நிலத்தினின்றும் துரத்திவிட்டது. நிலமே கையில் இல்லாத காலத்துக்கு வாடகை ஏது என்றார் அவர். கட்டத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். வாக்குக் கொடுத்தவர், இத்தகைய இடர் வந்தால் விலக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கலாம், எழுதவில்லை, ஆதலின் அவரே பொறுப்பு என்பது அவர்கள் கூறிய நியாயம். மேல்வலு வாசகம் பிறப்பதற்கு இத்தீர்ப்பைக் காட்டிலும் வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

நமது நாட்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படையாயமைந்த உரோம–டச்சுச் சட்டம் இவ்வளவு வன்மையானதன்று. தன் பிழையின்றி ஒரு கடமை நிறைவேற்ற முடியாததாகிவிடின் அக்கடமை ஒழியும் என்பதும், போர் வெள்ளம் போன்றவற்றால் நிலத்தின் பயனை இழந்த குத்தகைக்காரர் குத்தகைப் பணத்தில் தள்ளுபடி கேட்கலாம் என்பதும் அதன் நெறி. ஆயினும் அந்நெறியை நம்பி நீதிமன்றப் படிகளில் ஏறுவதற்கு எத்தனை குடும்பங்களுக்குப் பணமும் காலமும் உண்டு? அன்றியும், 'எக்காரணங் கொண்டும்' என்று எழுதிய தாளில் நாமே கையொப்பமிட்டிருப்பின் எதிர்ப்பக்கத்தார் அதனையே தூக்கிப் பிடிப்பர்.

நீதிமன்றத்திடம் விட்டுவிட்டால் எவ்வாறு முடியும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். 1902ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் 27ஆம் திகதிகளில் இலண்டனில் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலங்கள் நடைபெறவிருந்தன. ஊர்வலத்தைக் காண்பதற்கென பல்மல் வீதியில் ஒருவர் மாடி அறைகளை 75 பவுணுக்கு வாடகைக்குப் பேசி, 25 பவுண் முற்பணமாகக் கொடுத்தார். மன்னர் நோய்வாய்ப்பட்டு ஊர்வலம் ஒத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தக் கடிதத்தில் முடிசூட்டு என்ற சொல்லே இல்லை. இருப்பினும் ஊர்வலமே அந்த ஒப்பந்தத்தின் அடிநிலை எனக் கண்டு, மிகுதி 50 பவுணைக் கொடுக்க வேண்டியதில்லை என 1903இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அதே விழாவையொட்டிக் கடற்படை அணிவகுப்பைக் காட்டவும் கப்பற்படையைச் சுற்றி வரவும் வேறொருவர் ஒரு நீராவிப் படகை வாடகைக்கு அமர்த்தியிருந்தார். அணிவகுப்பு நடைபெறவில்லை. ஆயினும் கப்பற்படை அங்கேயே நின்றது. சுற்றி வந்திருக்கலாமே என்று கூறி, அதே ஆண்டில் அதே நீதிமன்றம் அவருடைய ஒப்பந்தம் நிலைக்கும் என்றது. அறை பிடித்தவர் தப்பினார். படகு பிடித்தவர் அகப்பட்டார்.

இனி வாசகம் எழுதியிருந்தும் அகப்பட்ட ஒருவரின் கதைக்கு வருவோம். இதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் கடல் வாணிபத்திலே நமது நாட்டுக்கும் இதற்கும் தொடர்புண்டு. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கடல்சார் விடயங்களில் ஆங்கிலச் சட்டத்தையே இங்கு பின்பற்றுமாறு விதித்தது. அன்றியும் கொழும்பிலிருந்து இலண்டனுக்குச் சென்ற தேயிலைப் பெட்டிகளும் இக்கதையில் வரும் கால்வாய் வழியேதான் சென்றன.

சுயஸ் மூடியபோது

1956ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி எகிப்திய ஜனாதிபதி நாஸர் சுயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். போர் மூளுமோ என்று உலகமெங்கும் பேச்சாயிருந்தது. அந்த நிலையில், ஒக்டோபர் 4ஆந் திகதி, சூடானிலிருந்து 300 தொன் நிலக்கடலை அனுப்புவதாக ஒரு வணிகக் கம்பனி ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கம்பனியொன்றுடன் ஒப்பந்தம் செய்தது. நிலக்கடலை என்பது நாம் கோயில் திருவிழாவிலே சுருளில் வாங்கித் தின்னும் கச்சான்தான். தொன்னுக்கு விலை 50 பவுண். கப்பற் கூலியும் காப்புறுதியும் அதனுள் அடங்கும். நவம்பர் அல்லது டிசெம்பர் மாதத்தில் போர்ட் சூடான் துறைமுகத்தில் ஏற்ற வேண்டும். எந்த வழியாற் செல்வது என்பதை ஒருவரும் எழுதவில்லை. எழுதுவானேன்? செங்கடற் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு வேறு வழியில் யார் போவார்?

நவம்பர் 2ஆந் திகதி கால்வாய் மூடப்பட்டது. மீண்டும் திறக்க அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதமாயிற்று. கால்வாய் வழியே ஹம்பேர்க் 4,386 மைல். ஆபிரிக்கக் கண்டத்தைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியே 11,137 மைல். ஏறத்தாழ 7 பவுண் 10 சிலிங்காயிருந்த கப்பற் கூலி 15 பவுணுக்கு ஏறியது. விற்றவர் கச்சானை ஏற்றவில்லை. அவர் கையில் அச்சிட்ட ஒப்பந்தப் படிவம் இருந்தது. அதில் மேல்வலு வாசகமும் இருந்தது. ஏற்றுமதித் தடை, முற்றுகை, போர், கொள்ளைநோய், வேலைநிறுத்தம் என்பவற்றாலும் ஏனைய மேல்வலுக்களாலும் குறித்த காலத்துள் சரக்கேற்றுதல் தடுக்கப்படுமாயின் இரண்டு மாதம் வரை தவணை நீளும். அதன் பின்னும் தடை நீங்காவிடின் ஒப்பந்தம் ஒழியும் என்பது அதன் கருத்து. (கொள்ளைநோய் என்ற சொல் 1956ஆம் ஆண்டின் கச்சான் ஒப்பந்தத்தில் இருந்தது, 2020ஆம் ஆண்டின் எமது நண்பரின் தாளில் இல்லை.)

வாங்கியவர் நட்டஈடு கேட்டார். நடுத்தீர்ப்பாளரிடம் தொடங்கிய வழக்கு படிப்படியாக ஏறி, 1961ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பிரபுக்கள் சபையை அடைந்தது. விற்றவர் தோற்றார். அதற்குக் காரணமானது ஒரே ஒரு சொல். வாசகம் காத்தது 'சரக்கேற்றுதல்' தடுக்கப்படுவதை. சரக்கேற்றுதல் என்பது போர்ட் சூடானிலே சாக்குகளைக் கப்பலில் ஏற்றுவது. அத்துறைமுகத்தை எவர் மூடினார்? கப்பல்களும் கிடைத்தன, கடல் வழியும் ஒன்று திறந்தே கிடந்தது. மூடியது வழியில் ஒரு கால்வாய். அக்கால்வாயோ ஒப்பந்தத்தில் எங்கும் காணப்படவில்லை. நீண்ட வழியாற் சென்றாலும் கச்சான் கெட்டுப் போகாது. ஹம்பேர்க்கில் இன்ன நாளில் இறங்க வேண்டும் என்ற நிபந்தனையுமில்லை. செலவு கூடிற்று என்பது மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கப் போதாது என்றனர் பிரபுக்கள்.

கணக்கைப் பார்ப்போம். 1957 ஜனவரியில் சந்தை விலை தொன்னுக்கு 68 பவுண் 15 சிலிங். ஒப்பந்த விலையைக் காட்டிலும் 18 பவுண் 15 சிலிங் கூடுதல். முந்நூறு தொன்னுக்கு 5,625 பவுண் நட்டஈடாக விதிக்கப்பட்டது. சுற்றுவழிக்கு மேலதிகக் கூலி தொன்னுக்கு 7 பவுண் 10 சிலிங்காக, மொத்தம் 2,250 பவுணே ஆகியிருக்கும்.

இதிலே மற்றொரு விநோதமும் உண்டு. அதே துறைமுகம், அதே கால்வாய் அடைப்பு; ஆனால் பெல்பாஸ்ட் நகருக்குச் செல்லவேண்டிய பருத்திவிதைப் புண்ணாக்கு. அவ்வழக்கிலே, ஒப்பந்தம் முறிந்ததெனச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நீதிபதி தீர்த்திருந்தார். கச்சான் வழக்கிலே பிரபுக்கள் அத்தீர்ப்பைத் தவறென ஒதுக்கினர். கற்றறிந்த நீதிபதிகளே இருவேறாகக் கண்ட ஒன்றை, சூடானிலே சாக்குக் கட்டும் வணிகர் எங்ஙனம் முன்னறிவார்?

அக்கால்வாயில் உள்ளேயே சிக்கிய கப்பலொன்றின் கதை இதனினும் படிப்பினை மிக்கது. 'இயூஜீனியா' என்பது அதன் பெயர். கருங்கடலிலிருந்து இரும்பும் உருக்கும் ஏற்றி இந்தியாவுக்குச் செல்ல, 1956 செப்டெம்பரில் அதனை அமர்த்தினர். கால்வாய் மூடப்படலாம் என்பதை இரு பக்கத்து முகவர்களும் நன்கறிந்து பேசினர். அதற்கென ஒரு வாசகம் எழுதவும் முயன்றனர். உடன்பாடு ஏற்படவில்லை. அப்படி நேர்ந்தால் சட்டத்தரணிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டனர். ஒக்டோபர் 31ஆந் திகதி கப்பல் கால்வாயினுட் புகுந்து அங்கேயே அடைபட்டது. சட்டத்தரணிகளும் அவ்வாறே பார்த்துக்கொண்டனர். மேன்முறையீட்டுத் தீர்ப்பு வெளிவர 1963ஆம் ஆண்டாயிற்று. முனை வழியே 138 நாள், கால்வாய் வழியே 108 நாள். இந்த வேறுபாடு ஒப்பந்தத்தை ஒழிக்கப் போதாதென்றார் டெனிங் பிரபு. அன்றியும், ஆபத்தான இடத்துக்குக் கப்பலைக் கொண்டு செல்லலாகாது என்ற வாசகத்தை மீறியே அதனை உள்ளே விட்டனர். தாமே தேடிய இடரைக் காட்டித் தப்ப இயலாது. அமர்த்தியவரே தோற்றார்.

சொல்லுக்குச் சொல் விலை

ஆகவே வாசகம் உண்டா என்று கேட்பதோடு நிற்றல் போதாது. அது எந்தச் சொல்லாற் கட்டப்பட்டது என்று பார்த்தல் வேண்டும்.

'தடுத்தால்' என்று எழுதினால், அறவே இயலாமற் போனாலன்றிப் பயனில்லை. 'தடுத்தால் அல்லது இடர்ப்படுத்தினால்' என்று எழுதினால் வாயில் அகலும். முதலாம் உலகப் போரிலே ஜேர்மனியிலிருந்து வந்த இரசாயனச் சரக்கு நின்றுவிட்டபோது, இந்த இரண்டாவது சொல் இருந்தமையாலேயே ஓர் ஆங்கில விற்பனையாளர் 1917இல் பிரபுக்கள் சபையில் வென்றார். விலையேற்றம் மட்டும் இடர்ப்பாடு ஆகாது என்ற எச்சரிக்கையும் அத்தீர்ப்பில் உண்டு.

அடுத்தது, நிகழ்ச்சிகளின் பட்டியல். வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று எழுதி 'இவை போன்றவை' என்று முடித்தால், ஊரடங்கு அதனுள் அடங்குமா? அடங்காது எனலாம்; முன் வந்தவற்றின் இனத்தையே பின் வரும் பொதுச்சொல் குறிக்கும் என்பது பொருள்கோள் முறை. இயற்கை இடர்களோடு அரசாங்கத்தின் ஆணையையும் தனியே பெயர் சொல்லி எழுதுதல் நன்று.

'எதிர்பாராத' என்ற சொல் அழகாய்த் தோன்றும். ஆனால் அதுவே பொறி. 2020க்கு முன் கொள்ளைநோய் எதிர்பாராததாயிருந்திருக்கலாம். இனி அவ்வாறு சொல்ல முடியுமா? சுயஸ் கால்வாயும் 1956இல் மட்டுமா மூடிற்று? 1967 ஜூன் மாதம் மூடி, எட்டாண்டுகள் கழித்து 1975 ஜூனிலேதான் திறந்தது. பதினான்கு கப்பல்கள் அதன் பெரிய கசப்பேரியில் அவ்வளவு காலமும் அடைபட்டுக் கிடந்தன. 2021 மார்ச்சில் ஒரு பெருங்கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் அடைத்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலிலே கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் மீண்டும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. தெரிந்த இடரைத் தெரிந்ததென்றே பெயர் கூறி எழுதுவதே பாதுகாப்பு. பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வர்த்தகச் சபை 2020இல் திருத்தி வெளியிட்ட மாதிரி வாசகத்திலே, ஒப்பந்த வேளையில் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாமை ஒரு நிபந்தனையாகவும், போர் கொள்ளைநோய் முதலிய சில நிகழ்ச்சிகள் தனிப் பட்டியலாகவும் உள்ளன. 120 நாளுக்கு மேல் தடை நீடித்தால் எவரும் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்று காலமும் குறித்திருக்கிறார்கள். செலவு மிகுந்து பாரமாகும் நிலைக்கு வேறொரு வாசகத்தையே எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. கச்சான் விற்றவருக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது வாசகமே.

தடை வந்ததும் மற்றவருக்கு எத்தனை நாளில் அறிவிப்பது, தடையை நீக்க எவ்வளவு முயல்வது என்பனவும் உண்டு. முயல்வதிலும் வழக்குண்டு. அமெரிக்கத் தடைகளால் டொலரிற் பணம் செலுத்த இடர்ப்பட்ட ஒருவர் யூரோவிற் தருவதாகச் சொல்ல, கப்பற்காரர் மறுத்தார். டொலர் என்று எழுதியபின் வேறு நாணயத்தை ஏற்கக் கட்டாயமில்லை என்று 2024ஆம் ஆண்டிலே பிரித்தானிய உயர் நீதிமன்றம் கப்பற்காரர் பக்கமே தீர்த்தது. ஆயினும் எமது குடும்ப ஒப்பந்தங்களில் எல்லாவற்றினும் மறக்கப்படுவது ஏற்கெனவே கைமாறிய பணம். கடமை ஒழிந்தது சரி. முற்பணம் யாரிடம் தங்கும்? எமது நண்பரின் தொல்லை முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

இளைய மகளின் தாள்

சென்ற ஆண்டு அவருடைய இளைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. நண்பர் எம்மையும் அழைத்துக்கொண்டு வேறொரு மண்டபத்துக்குச் சென்றார். உரிமையாளர் வழக்கமான படிவத்தை நீட்டினார். அடியில் அதே வரி.

"இதன் கீழே இன்னும் நாலு வரி எழுதலாமோ?" என்றார் நண்பர்.

"எழுதுங்கோ மாஸ்டர், பாப்பம்" என்றார் உரிமையாளர்.

நண்பர் முதல் எழுதியது இது: 'கொள்ளைநோய், ஊரடங்கு, அரசாங்க ஆணை, வெள்ளம், மின்தடை என்பவற்றால் விழா நடத்துதல் தடுக்கப்பட்டாலோ இடர்ப்பட்டாலோ முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.' உரிமையாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருமுறை வாசித்தார்.

"மாஸ்டர், மழை பெய்து வீதியிலே தண்ணி நின்றாலும் இடர்ப்பாடுதான். மாப்பிள்ளை வீட்டார் பிந்தினாலும் இடர்ப்பாடுதான். நான் எங்கே போறது?"

நியாயம் அவர் பக்கமே இருந்தது. 'இடர்ப்பட்டாலோ' என்பது வெட்டப்பட்டது. மின்தடையையும் அவர் வெட்டினார். தம்மிடம் மின்பிறப்பாக்கி இருப்பதாகச் சொன்னார். 2022ஆம் ஆண்டிலே டீசல் கிடையாமல் வரிசை வரிசையாக நின்ற நாட்களை நண்பர் நினைவூட்டினார். உரிமையாளர் சற்று நேரம் பேசாதிருந்தார். அந்த ஆண்டிலே மெழுகுவர்த்தியோடு ஒரு கலியாணம் ஒப்பேற்றியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். 'எரிபொருள் கிடையாமையால் மின்பிறப்பாக்கி இயங்காவிடின்' என்ற தொடர் சேர்ந்தது. முற்பணம் முழுவதையும் திருப்பித் தர அவர் இசையவில்லை. வேறொரு நாளுக்கு மாற்றினால் ஒரு சதமும் கழிவதில்லை. ஆறு மாதத்துள் நாள் வைக்க முடியாவிடின் நாலிலொரு பங்கை அவர் வைத்துக்கொண்டு மிகுதியைத் தருவது என முடிவாயிற்று. அறிவிப்புக்கு ஏழு நாள் என்றார் அவர். ஊரடங்கு ஏழு நாள் தவணை சொல்லியா வரும் என்று நாம் கேட்க, 'தடை வந்த மூன்று நாளுள்' என்று மாறியது.

இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையொப்பமிட்டனர். வெட்டிய இடங்களின் ஓரத்திலும் சுருக்கொப்பம் வைக்கவேண்டும் என்று உரிமையாளரே நினைவூட்டினார். தேநீர் வந்தது. நண்பர் தம் பிரதியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது, 'எக்காரணங் கொண்டும்' என்ற பழைய வரி அடியில் அப்படியே கிடப்பதை நாம் கண்டோம். தாள் மீண்டும் விரிக்கப்பட்டது; அந்த வரியின் முன்னே, 'மேற்கூறியவை தவிர்ந்த' என்று உரிமையாளர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.